ஐ முன்னால், ஈ பின்னால்

நாற்பத்து மூன்று பித்தளைத் தகட்டிலும்
ஐ இருக்க வேண்டிய இடத்தில்
ஈ உட்கார்ந்திருந்தது.
அச்சீவ்மெண்ட்.
வாயால் சொன்னால் தப்பே இல்லை,
கண்ணால் படித்தால்தான்.

ஏற்காட்டுப் பள்ளிக்காரர்
சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட தாள் என்னிடம் இருக்கிறது.
பாக்கிப் பணம் அவரிடம் இருக்கிறது.
முதலாளி வையாபுரி மெஷினை முறைத்தார்,
பிறகு என்னை.
நாளை பதினொன்றுக்கு ஆண்டு விழா.
தகடு விற்கிற செவ்வாய்ப்பேட்டைக் கடை
இந்நேரம் ஷட்டரை இறக்கியிருக்கும்.

இன்னொரு முறை தப்பக் கூடாதென்று
அகராதியைப் பிரித்தேன்.
எழுத்தைப் பார்க்கப் போனவள்
பிறப்பைப் பார்த்துவிட்டேன்.

பழைய பிரெஞ்சுக்காரன் வாயில் அது
தலைக்கு வருதல்.
அவ்வளவுதான்.
மேடை இல்லை, பொன்னாடை இல்லை.
எங்கோ வாலில் தொடங்கிய ஒன்று
தலையில் வந்து நிற்பது.

அதே தலைக்குப் பிறந்தவர்கள் இன்னும் சிலர்:
சீஃப் என்கிற அதிகாரி,
வெள்ளைத் தொப்பி மாட்டிய ஓட்டல் செஃப்,
தலையை மூட வந்து
மூக்குத் துடைக்கிற கர்சீப்,
தலைக்கு வரும் வழியில் தடம் புரண்டு
பிரம்படி வாங்கும் மிஸ்சீஃப்.
ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
பரிசு மட்டும் ஒருத்திக்கு.

பக்கத்து சலூன் சடையாண்டி
டீயோடு எட்டிப் பார்த்தான்.
"தலைக்கு வந்தா சாதனையாம்டா."
"அப்ப என் கடைக்கு
தினம் முப்பது சாதனை வருதுக்கா."
சிரித்தேன்,
சிரிப்புப் பாதியில் நின்றது.
அவன் தலைக்கு மேலே பலகை:
முடி திருத்தகம்.

முடி.
தலையில் வளர்வது.
அரசன் சூடியது.
மலைக்கு உச்சி.
வேலையை முடி.
முடியும், அதிலேயே முடியாது.
'ஆளை முடிச்சுட்டான்'கூட அதுதான்,
அந்தப் பிரெஞ்சுக்காரனும் அப்படிப் பேசுவானாம்.
கடல் தாண்டித் தேடிப் போன தலையை
சடையாண்டி தினமும் துடைப்பத்தால் கூட்டி
முறத்தில் அள்ளிக்கொண்டிருக்கிறான்.

அவன்தான் ஒரு தகட்டை எடுத்துப் புரட்டினான்.
மீசையைப் பார்க்க.
பின்பக்கம் கண்ணாடி மாதிரி இருந்தது,
ஒரு எழுத்து இல்லாமல்.

இரவு ஒன்றே முக்கால் வரை
ஐ முன்னால், ஈ பின்னால்.
இனிப்பு முன்னால் போனால்தான்
ஈ பின்னால் வரும் என்று
மூன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி முணுமுணுத்தேன்.
அமல்தாஸ், கைப்பந்து.
நஸ்ரின் பானு, முழு வருகை.
யாழரசி, நல்ல முயற்சி.
(முயற்சிக்கும் கேடயம் கொடுக்கிறார்கள்,
அதைச் செதுக்கும்போது மெஷின் கொஞ்சம் திணறியது.)
ஒவ்வொன்றையும் பசை தடவி மரத்தில் ஒட்டினேன்.
சரி எல்லோரையும் பார்த்தது.
தப்பு மரத்தைப் பார்த்தது.

காலை ஏற்காடு பஸ்.
இருபது கொண்டை ஊசி,
அதுவும் தலை சமாச்சாரம் என்று
நாற்பதடிப் பாலம் தாண்டும்போது தோன்றியது.
அப்புறம் எலுமிச்சம்பழம் முகர்ந்தேன்,
ஒன்றும் தோன்றவில்லை.

ஒண்டிக்கடையில் இறங்கினேன்.
இரண்டு அட்டைப் பெட்டி, ஆட்டோ இல்லை.
எஸ்டேட் பக்கமிருந்து ஒரு அக்கா வந்தாள்,
தலையில் காபி மூட்டை.
சுவரோரம் குனிந்து இறக்கினாள்.
"அப்பாடா."

எழுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
ஐ இல்லை, ஈ இல்லை,
தப்பாய் எழுதவே முடியாத சொல்.
பாடம் எதுவும் அவளுக்குச் சொல்லவில்லை,
மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குப் புள்ள முழிக்கிற?"
பெட்டியைக் காட்டினேன்.
தன் சும்மாட்டுத் துணியை உதறி, சுருட்டி
என் உச்சியில் வைத்தாள்.
ஒரு பெட்டி கையில்.
இன்னொன்றை இருவருமாகத் தூக்கினோம்,
முட்டி வரை, மார்பு வரை,
தலைக்கு.

மணி பத்தே கால்.